வாயைத் திறந்து பார்க்காத ஊரில் ஸ்கேன் எதற்கு?

"எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம்."

திண்டுக்கல்லில் இந்த வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் இருக்காது. தலைவலியா, ஸ்கேன். முதுகு பிடிப்பா, ஸ்கேன். மெயின் ரோட்டில் இரண்டு தெரு நடந்தால் நாலு ஃப்ளெக்ஸ் போர்டாவது கண்ணில் படும். முழு உடல் பரிசோதனை, இத்தனை டெஸ்ட் இவ்வளவு ரூபாய், இந்த மாதம் மட்டும் தள்ளுபடி... ஜவுளிக்கடை ஆடி விற்பனைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே கட்டைப்பை தருவதில்லை.

ஸ்கேன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஸ்கேன் இல்லாமல் ஒரு மருத்துவரால் ஓரடி எடுத்து வைக்க முடியாது. சண்டை வேறு இடத்தில். எந்தக் கேள்விக்கு ஸ்கேன் பதில் சொல்லுமோ அந்தக் கேள்வியை இந்த ஊரில் யாரும் அதனிடம் கேட்பதில்லை. எதற்கு அதனால் பதில் சொல்லவே முடியாதோ, அதற்குத்தான் காசைக் கொட்டி வரிசையில் நிற்கிறார்கள். அந்த இடைவெளியில் போவது ஒரு ஆளின் பாதித் தாடை. சில சமயம் ஆளே.

திண்டுக்கல்லுக்கும் புகையிலைக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரிட்டிஷ்காரன் காலத்தில் திண்டுக்கல் சுருட்டு கப்பலேறிப் போனது. 1948இல் வேடசந்தூரில் புகையிலைக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்தது. சுருட்டு இன்று கதையாகிவிட்டது, ஆனால் வாயில் போட்டு அடக்கிக்கொள்ளும் புகையிலை அப்படியே இருக்கிறது. வெற்றிலை பாக்கோடு போடுபவர்கள் ஒரு பக்கம், பாக்கெட்டில் வருவதை உதட்டுக்குள் வைத்துக்கொள்ளும் பையன்கள் இன்னொரு பக்கம். குட்கா வகையறாக்களுக்குத் தமிழக அரசு 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை போட்டு வருடாவருடம் நீட்டித்தது. பெட்டிக்கடையில் கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். "புகையிலை இல்லாம வெறும் பாக்குதானே" என்பவர்களுக்கு ஒரு தகவல்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

அதே பிரிவின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 1,43,000 பேர். ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே, புகையிலையை அடக்கிவைக்கும் அதே பள்ளத்தில் வருகிற வகைக்கு மருத்துவ உலகில் 'இந்திய வாய்ப்புற்று' என்றே பட்டப்பெயர்.

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் லோடுமேன், வயது 48. இருபது வருடமாகப் புகையிலை. ஆள் கற்பனைதான், அவர் போகிற பாதை கற்பனை இல்லை.

முதலில் இடது கன்னத்தின் உள்ளே ஒரு புண். காரம் பட்டால் எரிகிறது. மருந்துக்கடையில், "சூடுண்ணே, சத்துக் குறைச்சல்" என்று ஒரு பி-காம்ப்ளெக்ஸ் அட்டையும் தடவிக்கொள்ள ஒரு களிம்பும் கொடுக்கிறார்கள். மூன்று மாதம் ஓடுகிறது. புண்ணுக்குக் கீழே கடைவாய்ப் பல் ஆட ஆரம்பிக்கிறது. பல் ஆடினால் என்ன செய்வார்கள்? பிடுங்குவார்கள். பிடுங்கிய குழி ஆறாமல் அதிலிருந்தே சதை வளர்கிறது. இப்போதுதான் குடும்பத்தில் யாரோ அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள். "எதுக்கும் ஒரு ஸ்கேன்..."

போகிறார்கள். சீட்டில் எழுதியிருப்பது 'சி.டி. முகம்' என்று இரண்டே வார்த்தை. காசு குறையும் என்பதால் மருந்து ஏற்றாமல் எடுக்கும் 'ப்ளெயின்' ஸ்கேன். ரிப்போர்ட்டில் தாடையருகே ஏதோ இருப்பதாகவும், சதை எடுத்துப் பரிசோதிக்கும்படியும் எழுதிக் கொடுக்கிறார்கள். அதாவது, பணம் கட்டிக் கேட்ட கேள்விக்கு "வாயைத் திறந்து பார்த்து ஒரு துளி சதை எடுங்கள்" என்று மிஷினே பதில் சொல்லியிருக்கிறது. அதை முதல் நாளே மருந்துக்கடை வாசலில் ஒரு டார்ச் லைட் சொல்லியிருக்கும்.

கதை அங்கே முடியாது. "கத்தி பட்டா பரவிரும்" என்று ஒரு பெரியவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். பயாப்சி என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பம் பின்வாங்குகிறது. ஒரு மண்டலம் கஷாயம். பிறகு கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி எழும்பியதும் மதுரைக்கு ஓட்டம். அங்கே பயாப்சி எடுக்கிறார்கள், புற்றுநோய் என்று வருகிறது. பழைய ஸ்கேன் உதவாது, மருந்து ஏற்றி, மண்டையோட்டின் அடியிலிருந்து மார்பெலும்பு வரை மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார்கள். முதல் ஸ்கேனுக்குக் கொடுத்த பணம் கணக்குப் பாடத்தில் சொல்வதுபோல வாராக்கடன். போன மாதங்களை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இந்தக் கத்தி பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். வாய்ப்புண்ணின் ஓரத்தில் பயறு அளவு சதை எடுப்பதால் புற்றுநோய் பரவி ஆள் போகிறார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பயாப்சி எடுத்த பிறகு செத்தவர்கள் உண்டு, உண்மை. அவர்கள் பயாப்சிக்கு வந்ததே கடைசி நேரத்தில். தீயணைப்பு வண்டி வந்த வீடெல்லாம் எரிந்தது, அதனால் வண்டிதான் எரித்தது என்பதுபோல் இருக்கிறது இந்தத் தர்க்கம். உலகத்தில் எந்த ஸ்கேனும், எத்தனை கோடி விலை என்றாலும், வாய்ப்புண்ணைப் பார்த்து "இது புற்றுநோய்" என்று கையெழுத்துப் போடாது. அந்தக் கையெழுத்து மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நோய்க்குறியியல் மருத்துவருடையது. அதை வைத்துத்தான் வைத்தியம் தொடங்க முடியும்.

(பயாப்சிக்கு முன்னாலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடச் சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள். சதை வெட்டிய இடம் வீங்கி, நோயின் ஆழத்தைக் கூட்டிக் காட்டிவிடக்கூடாது என்பதற்காக. அது வாயைப் பார்த்து, சந்தேகப்பட்டு, அடுத்த நாள் பயாப்சிக்கும் தேதி குறித்தவர் போடும் திட்டம். பார்க்காமல் எழுதிய சீட்டுக்கு இது வக்காலத்து ஆகாது.)

கழுத்துக் கட்டி, தொண்டை இரண்டிலும் இதே கூத்துதான். கழுத்தில் கட்டி என்றாலே டி.பி. என்று மாத்திரை தொடங்குவதும், அல்லது கட்டியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு அது எங்கிருந்து வந்தது என்று தேடாமல் விடுவதும் நடக்கிறது. செய்ய வேண்டியது எளிது: வாய், தொண்டை, மூக்கின் பின்புறம் பார்த்துவிட்டு, அல்ட்ராசவுண்ட் துணையோடு ஒரு மெல்லிய ஊசியைக் கட்டியில் விட்டு நாலு செல் எடுப்பது. மூன்று வாரத்துக்கு மேல் தொண்டை கட்டியிருந்தால் குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்ப்பது. இரண்டுக்கும் பெரிய மிஷின் தேவையில்லை.

சரி, அப்படியானால் ஸ்கேனின் வேலைதான் என்ன?

நோய் எங்கே வரை போயிருக்கிறது என்று அளப்பது. வேலை அதுதான், அது சின்ன வேலையும் அல்ல. புற்றுநோய் என்று தெரிந்த பிறகு "எந்த ஸ்டேஜ்" என்று எல்லோரும் கேட்கிறார்களே, அந்த ஸ்டேஜ் ஜோசியம் இல்லை. மூன்று கணக்குகளைச் சேர்த்துப் போடுவது. மூல இடத்தில் கட்டி எவ்வளவு, கழுத்தின் நெறிகட்டிகளுக்குப் போயிருக்கிறதா, நுரையீரல் மாதிரி தொலைவான இடத்துக்குப் போயிருக்கிறதா. பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் பியர் டெனுவா 1940களில் தொடங்கிவைத்த முறை இது. ஆங்கில எழுத்துகளில் டி, என், எம். இன்று உலகம் முழுக்க எல்லா ஆஸ்பத்திரியும் பேசும் பொது மொழி.

2018இல் நடைமுறைக்கு வந்த எட்டாவது பதிப்பு வாய்ப்புற்றுக்கு ஒரு முக்கியமான மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதுவரை கட்டியின் அகலம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. அதன்பிறகு ஆழமும் கணக்கில் வந்தது. இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும் புண், 5 மில்லிமீட்டருக்குள் ஆழம் என்றால் முதல் படி. அதே அகலம், 5 மில்லிமீட்டரைத் தாண்டி ஆழம் போயிருந்தால் இரண்டாம் படி. 5 மில்லிமீட்டர் என்பது ஒரு உளுந்தின் அளவு. விரலை வைத்துத் தடவி இதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. நாக்கில் வந்த நோய் என்றால் எம்.ஆர்.ஐ. அதை நன்றாகக் கணிக்கும், ஏனென்றால் தசையையும் கட்டியையும் அது பிரித்துக் காட்டும். தாடை எலும்பின் கெட்டியான வெளிப்பூச்சு அரிக்கப்பட்டிருக்கிறதா என்றால் சி.டி. கெட்டிக்காரன். எலும்பின் உள் மஜ்ஜைக்குள்ளும், நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே மண்டைக்குள்ளும் போயிருக்கிறதா என்றால் மறுபடி எம்.ஆர்.ஐ.

இதெல்லாம் வெறும் எண் விளையாட்டு என்று தோன்றினால் அந்த லோடுமேனிடம் திரும்பி வாருங்கள். கட்டி எலும்பைத் தொடவில்லை என்றால் தாடையை அப்படியே விட்டுவிடலாம். மேலாகத் தொட்டிருந்தால் விளிம்பை மட்டும் சீவி எடுத்து, தாடையின் தொடர்ச்சியைக் காப்பாற்றலாம். உள்ளே புகுந்திருந்தால் அந்தப் பக்கத் தாடையை வெட்டி எடுத்து, காலில் இருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும். மேலே, மெல்லும் தசைகளின் இடத்தில் ரொம்ப உயரம் ஏறியிருந்தாலோ, கழுத்தின் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தாலோ கத்தி வைப்பதிலேயே பயனில்லாமல் போகலாம். நாளைக்கு அவர் சோறு மெல்லுவாரா, கஞ்சி குடிப்பாரா, மூக்கில் குழாயா என்பதை முடிவு செய்வது ஒரு சில மில்லிமீட்டர்கள்.

இந்த இடத்தில்தான் அந்தப் பிடுங்கிய பல் பழி வாங்குகிறது. ஈறில் வந்த கட்டி பல்லின் குழியை லேசாக அரித்திருந்தால் மட்டும் அது நான்காம் படி ஆகாது என்று விதி சொல்கிறது. பல்லைப் பிடுங்கிவிட்ட பிறகு, ஸ்கேனில் தெரியும் குழி பல் மருத்துவர் உண்டாக்கியதா, நோய் உண்டாக்கியதா என்று பிரிப்பது படம் பார்க்கும் மருத்துவருக்குப் பெரும் பாடு. பிடுங்குவதற்கு முன் கன்னத்தை ஒதுக்கி ஒரு பார்வை பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

அடுத்து, ஒரு பைசா செலவில்லாத ஒரு சங்கதி. சாதாரணமாகப் படுத்திருக்கும்போது கன்னமும் ஈறும் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே சி.டி. எடுத்தால் கட்டி கன்னத்தில் தொடங்கியதா, ஈறிலா, இரண்டும் தனித்தனியா என்று தெரியாது. ஆகவே எடுக்கும்போது நோயாளியை வாயை மூடிக் காற்றை அடக்கிக் கன்னத்தை உப்பவைக்கச் சொல்வார்கள். குழந்தைகள் பலூன் ஊதுவதுபோல. காற்று நடுவே புகுந்து இரண்டையும் பிரித்துவிடும், படம் பளிச்சென்று வரும். 'உப்பிய கன்ன' முறை என்று பெயர். மிஷின் மாற்ற வேண்டாம், கட்டணம் கூட்ட வேண்டாம், சில நொடி மூச்சுப் பிடித்தால் போதும். ஆனால் டெக்னீஷியன் இதைச் சொல்ல வேண்டுமென்றால் நோய் கன்னத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே? சீட்டில்தான் 'சி.டி. முகம்' என்று மட்டும் எழுதியிருக்கிறதே!

மருந்து ஏற்றாத ப்ளெயின் ஸ்கேன் விஷயமும் இதுதான். சாயமருந்தை ரத்தத்தில் ஏற்றினால்தான் கட்டி சுற்றியுள்ள தசையிலிருந்து பிரிந்து தெரியும், நெறிகட்டியின் நடுப்பகுதி செத்துப்போயிருப்பது தெரியும், ரத்தக்குழாய் எது, கட்டி எது என்று தெரியும். கிட்னி வேலை செய்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுப் போடுவார்கள். கொஞ்சம் காசு மிச்சம் என்று ப்ளெயின் எடுப்பது, தண்ணீர் இல்லாத மோட்டார் ரூமுக்குப் பூட்டு வாங்கியதுபோல. திண்டுக்கல் பூட்டாகவே இருந்தாலும்.

சி.டி. வந்த கதையே ஒரு சுவாரசியம். 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு செய்த மிஷின். அவர் வேலை பார்த்தது ஈ.எம்.ஐ. கம்பெனியில். தாத்தா வீட்டில் நாய் படம் போட்ட இசைத்தட்டு இருந்திருக்குமே, அந்தக் குடும்பத்துக் கம்பெனிதான். 1979இல் அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு. அரை நூற்றாண்டில் அந்த மிஷின் எங்கேயோ போய்விட்டது. அதற்குச் சீட்டு எழுதும் முறை மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது புதுப் பைத்தியம் பெட் சி.டி. "ஒரே ஸ்கேன்ல தலையில இருந்து கால் வரைக்கும் எல்லாம் தெரிஞ்சிரும்" என்று ஒரு மந்திரம் பரவியிருக்கிறது. கடன் வாங்கியாவது அதை எடுத்தால்தான் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்ற நிம்மதி பிள்ளைகளுக்கு. அந்தப் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. அதை விற்றுக் காசாக்குபவர்களைச் சொல்லலாம்.

பெட் எப்படி வேலை செய்கிறது? கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுகிறார்கள். பசி அதிகமுள்ள செல்கள் அதை உறிஞ்சும், படத்தில் அந்த இடம் எரியும். அதில் இருக்கும் ஃப்ளோரின்-18 என்ற சரக்கு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். காலையில் தயாரித்தது மதியத்துக்குள் கால்வாசிதான் மிஞ்சும். வாழைத்தாரைவிட வேகமாக அழுகும் சரக்கு! அதனால்தான் விலை அவ்வளவு, அதனால்தான் எல்லா ஊரிலும் வைக்க முடியாது.

பசியுள்ள செல் புற்றுநோயில் மட்டும் இல்லை என்பதுதான் சிக்கல். டி.பி. கட்டியும் எரியும். சொத்தைப் பல்லின் சீழும் எரியும். நேற்று பயாப்சி எடுத்த புண்ணும் எரியும். டி.பி. இவ்வளவு இருக்கும் நாட்டில் எரிகிற இடத்தையெல்லாம் புற்று என்று பயந்தால், குணமாகக் கூடியவரை "பரவிருச்சு" என்று வீட்டுக்கு அனுப்பும் ஆபத்து இருக்கிறது. இன்னொரு பக்கம், சில மில்லிமீட்டர் அளவுள்ள சின்னக் கட்டி பெட்டில் எரியாமலே தப்பிவிடும். ஆரம்ப நிலை வாய்ப்புண்ணுக்கு முதல் வேலையாக இதை எடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை.

பெட்டுக்கு உண்மையான வேலை இருக்கும் இடங்கள் உண்டு. கழுத்தில் கட்டி புற்று என்று வந்து, மூல இடம் எங்கே என்று தேடியும் கிடைக்காதபோது. நோய் முற்றிய நிலையில் பெரிய சிகிச்சைக்கு முன் தொலைவில் பரவியிருக்கிறதா என்று பார்க்க. அப்புறம், கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து 12 வாரம் கழித்து. இந்தக் கடைசிக்கு 2016இல் பிரிட்டனிலிருந்து ஒரு நல்ல ஆய்வு வந்தது. 564 நோயாளிகள். பாதிப் பேருக்குச் சிகிச்சையோடு சேர்த்து வழக்கப்படி கழுத்து அறுவை, மீதிப் பேருக்குப் பெட் சி.டி. பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அறுவை. முதல் கூட்டத்தில் 221 அறுவைகள். இரண்டாவதில் 54. உயிர் பிழைத்தவர் கணக்கில் இரண்டாவது கூட்டம் பின்தங்கவில்லை. நூற்றறுபதுக்கும் மேற்பட்ட கழுத்துகள் கத்தியில் இருந்து தப்பின. ஸ்கேனைச் சரியான நேரத்தில், சரியான கேள்வியோடு எடுத்தால் இவ்வளவு நடக்கும்.

ஸ்கேன் கடவுள் இல்லை என்பதற்கும் ஆதாரம் இந்தியாவிலேயே இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப நிலை வாய்ப்புற்று, கழுத்தில் நெறி எதுவும் தென்படாத 500 பேரின் முடிவுகள். ஒரு கூட்டத்துக்கு வாயோடு சேர்த்துக் கழுத்து நெறிகளையும் அப்போதே எடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு, பின்னால் கட்டி வந்தால் எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் முதல் கூட்டத்தில் 80 சதவீதம் பேர் உயிரோடு, இரண்டாவதில் 67.5 சதவீதம். கைக்கும் கண்ணுக்கும் தென்படாத நெறிகளில் நோய் ஒளிந்திருந்தது. "ஸ்கேன்ல கழுத்து சுத்தமா இருக்கு, எதுக்குக் கழுத்தக் கிழிக்கணும்?" என்று சண்டை போடும் மாமாக்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம். அளவில் பெரிதாகாத நெறிக்குள் இருக்கும் நுண்ணிய நோய் எந்தப் படத்திலும் தெரியாது.

இனிமேல் வருவதுதான் திண்டுக்கல்காரர்கள் வெட்கப்பட வேண்டிய பகுதி. பெருமைப்பட வேண்டியதும்தான்.

2007இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வெளியானது. நடந்த இடம் திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையின் சமூக நல மையமும், அடையாறு புற்றுநோய் நிறுவனமும், மேலே சொன்ன உலக சுகாதார நிறுவனப் பிரிவும் சேர்ந்து செய்தது. மாவட்டத்தின் கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களைக் கூப்பிட்டு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்த்தார்கள். ஸ்கேன் இல்லை. 31,343 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். முடிவு: அந்தத் தொகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது.

வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் உயிரைக் காக்கும் என்று உலகத்துக்குப் பாடம் நடத்திய மண் இது. இங்கே தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் வந்து படுத்ததால் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வாய்க்கும் இதே ஆதாரம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வு, 2005இல் அதே லான்செட்டில் வெளியானது. 35 வயதைத் தாண்டிய ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. கருப்பை வாயைவிட வாய் பார்ப்பதற்கு எளிதான இடம். சேலை மறைப்பு வேண்டாம், தனி அறை வேண்டாம். மண்டி வாசலில் நிற்கவைத்தே பார்க்கலாம்.

மத்திய அரசும் 2016இல் சொல்லிவிட்டது. 30 முதல் 65 வயது வரை எல்லோருக்கும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாயைப் பார்க்க வேண்டும் என்று. 2021இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீட்டு வாசல் வரை வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. ஆளும் இருக்கிறது, உத்தரவும் இருக்கிறது. மண்டியிலும், வேடசந்தூர்ப் புகையிலைக் காட்டிலும், மில் கேட்டிலும் போய்க் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, கடைசியா உங்க வாயைத் தொறந்து யாராச்சும் பாத்தாங்களா?" பல் பிடுங்கியவர் பார்த்தார் என்பார்கள்.

"இதெல்லாம் சரி, இன்னும் நாலு மிஷின் வந்தா எல்லாம் சரியாயிரும்" என்று ஒரு கட்சி உண்டு. எல்லாத் தேர்தலிலும் அது ஜெயிக்கும். மிஷின் வரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளில் குறைந்த கட்டணத்தில் சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்துத் தருகிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மதுரை 65 கிலோமீட்டர்தான், அங்கே பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மையமே இருக்கிறது. அந்த லோடுமேன் தவறவிட்டது மிஷினை இல்லை. புண் வந்து பயாப்சி வரைக்கும் கழிந்த மாதங்களை. அந்த மாதங்களில் அவர் பார்த்த மனிதர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மருந்துக்கடைக்காரர், பல் மருத்துவர், சீட்டு எழுதியவர், கஷாயம் கொடுத்தவர். இத்தனை பேரில் ஒருவர் கையில் டார்ச் இருந்து, "மூணு வாரமா ஆறலையா? இன்னைக்கே சதை எடுக்கப் போங்க" என்று சொல்லியிருந்தால், ஸ்கேன் அளந்திருக்கக் கூடிய கட்டி உளுந்து அளவில் இருந்திருக்கும்.

சீட்டு எழுதியவரைப் பற்றி இன்னும் ஒன்று. எந்த ஸ்கேனுக்கு அனுப்பினால் எவ்வளவு திரும்பி வரும் என்ற பேச்சு வணிகவியல் படிக்காதவர்களுக்கும் தெரியும். மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் குறித்த 2002ஆம் ஆண்டு விதிமுறையின் 6.4 பிரிவு, நோயாளியைப் பரிந்துரைத்ததற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் வெளிப்படையாகத் தடை செய்கிறது. நேர்மையான மருத்துவர்கள் இந்த ஊரில் நிறைய, அவர்களுக்கு இந்தப் பேச்சு வலிக்கும். வலிக்கட்டும், அவர்கள்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டியவர்கள். கமிஷன் கெடுப்பது பணத்தை மட்டும் இல்லை. அது இருக்கும் இடத்தில், பயனில்லாத ஸ்கேன் சீக்கிரம் நடக்கும். கமிஷன் தராத பயாப்சி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர்களும் தப்ப முடியாது. கட்டி இருக்கிறது, நெறி இருக்கிறது என்று அரைப் பக்கம் எழுதினால் அறுவை மருத்துவருக்கு என்ன புரியும்? எத்தனை மில்லிமீட்டர், எலும்பின் புறணி போய்விட்டதா, மெல்லும் தசை வரை ஏறியதா, கழுத்தின் எந்த நிலையில் எந்தப் பக்கம் எத்தனை நெறி, ஓடு கிழிந்து வெளியே வந்திருக்கிறதா, ரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கிறதா. இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மதுரையில் யாரும் தேதி கொடுக்க மாட்டார்கள், மறுபடி எடுக்கத்தான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் திருப்பிக் கேட்பதும் நியாயமே: "எதைத் தேடணும்னு சீட்டுல எழுதுனாத்தானே?"

ஸ்கேன் சீட்டுகளில் நோயாளியின் பெயர், வயதுக்குக் கீழே ஒரு கட்டம் உண்டு, நோய் விவரம் எழுத. இடது கன்னத்தின் உள்ளே புண், நாலு மாதம், புகையிலைப் பழக்கம், பல் பிடுங்கியது இந்தத் தேதி, பயாப்சி முடிவு இது. பேனா எடுத்து எழுத ஒரு நிமிடம் ஆகாது. அதை எழுத வேண்டுமென்றால் முதலில் அவர் வாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.